பட்டியலில் ஏழாவது பெயர்

மழை விட்டு அரைமணி நேரமாகியும் சன்ஷேடிலிருந்து சொட்டுவது நிற்கவில்லை. பதினான்காம் எண் அறையில் அந்தச் சத்தமும் முப்பத்திரண்டு பேனாக்கள் ஓடும் சத்தமும்தான். பேனா ஓடுவதற்குச் சத்தம் உண்டு என்பது தேர்வு அறையில் மூன்று மணி நேரம் சும்மா நின்றவர்களுக்குத்தான் தெரியும், தாளில் எறும்பு வரிசை போவதுபோல ஒரு சத்தம், நான் இருபது வருஷமாக இந்தக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர், மைதானத்தில் விசில் ஊதிப் பழகின காதுக்கு முதல் சில வருஷம் அது கேட்டதே இல்லை. மணி பத்தே முக்கால். எல்லோருடைய ஹால் டிக்கெட்டையும் பார்த்தாகிவிட்டது, விடைத்தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, செல்போனைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அறையில் காலையிலேயே ஒப்படைத்தாகிவிட்டது, இனி ஒரு மணி வரை நடப்பதும் நிற்பதும்தான் வேலை. மேசைமேல் வருகைத்தாளுக்கு அடியில் அந்தப் பட்டியல் இருக்கிறது. இரண்டாக மடித்து வைத்திருக்கிறேன், மடிப்பு சரியாக ஏழாவது பெயருக்கு மேலே விழுந்திருக்கிறது, வேண்டுமென்று மடிக்கவில்லை, அப்படி விழுந்துவிட்டது. தேர்வு முடிந்ததும் முதல்வர் அறையில் கொடுக்க வேண்டும். பதினைந்து பேருக்கு எண் போட்டுவிட்டேன். ஒரே ஒரு கட்டம் காலி.

போன திங்கட்கிழமை முதல்வர் கோதைநாயகி மேடம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், அவர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இல்லை. கல்லூரிச் செயலர் கேட்கிறார், கால்பந்து ஒதுக்கீட்டில் வருஷா வருஷம் பிள்ளைகளைச் சேர்க்கிறோமே, ஹாஸ்டலில் இடம் தருகிறோமே, அவர்கள் பிறகு என்ன ஆனார்கள், யாராவது பார்த்தீர்களா. முதல் அணியை எடுத்துக்கொள்ளுங்கள் குணசுந்தரி, 2006-இல் நீங்கள் பொறுக்கியெடுத்த பதினாறு பேர், ஒவ்வொருவரும் எப்படி வந்தார்கள் என்று ஐந்துக்கு ஒரு எண் போடுங்கள், சராசரி மூன்று வந்தால் ஒதுக்கீடு தொடரும், வராவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து கிடையாது. எண்ணுக்கு விதியும் அவரே கொடுத்துவிட்டார். இந்திய முகாமுக்கு அழைக்கப்பட்டிருந்தால் ஐந்து, மாநில அணி நான்கு, பல்கலைக்கழக அணி மூன்று, கல்லூரிக்கு ஆடிப் பட்டமும் வாங்கியிருந்தால் இரண்டு, படிப்பை முடிக்காமல் போனவளுக்கு ஒன்று. அவ்வளவுதானா மேடம் என்றேன். குறிப்பு எழுதவும் ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள் என்றார். கடைசிக் கட்டம். அதன் அகலம் கட்டைவிரல் அளவு.

ஒரு வாரமாகப் போன், போன், போன். பழைய எண்கள் எதுவும் வேலை செய்யவில்லை, ஒருத்தியைப் பிடித்தால் அவளிடமிருந்து இன்னொருத்தி. இத்தனை வருஷம் கழித்துப் பேசும்போதும் எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள், எல்லாருக்கும் குரலில் முதலில் ஒரு பயம், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டதுபோல. பீரோவில் தேடியபோது அன்றைய தேர்வுத்தாளும் கிடைத்தது, என் கையெழுத்து, பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொருத்திக்கும் போட்டிருக்கிறேன், வயது இருபத்தேழு எனக்கு அப்போது, எவ்வளவு நிச்சயம் அந்த எழுத்தில், ஒரு அடித்தல் இல்லை. கலைவாணி ஒன்பது, பக்கத்தில் ‘பிறவி ஆட்டக்காரி’ என்று எழுதி அடிக்கோடு வேறு. அந்தப் பிறவி ஆட்டக்காரி இரண்டாம் வருஷம் முடிவதற்குள் பந்தைப் பார்த்தாலே கொட்டாவி விட்டாள், இப்போது சிங்கப்பூரில் பேக்கரி வைத்திருக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள், விதிப்படி இரண்டு. உமாமகேஸ்வரிக்கு நான் போட்டது நான்கு. ‘வேகம் இல்லை, இடது கால் இல்லை, ஆள் குறைகிறது, எடுக்கலாம்.’ படித்தபோது முகம் சூடானது. ஆள் குறைகிறது என்று எடுத்த அந்தப் பெண் ஆறு வருஷம் மாநில அணியில் ஆடினாள், இரண்டு முறை இந்திய முகாமுக்குப் போனாள், இன்று போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். நான் பார்த்தது அவளுடைய காலை. அவள் நிற்காமல் ஓடுவாள் என்பதை ஒரு காலை நேரத்தில் எப்படிப் பார்ப்பது, அது மூன்று வருஷம் பார்த்தால் தெரிகிற விஷயம். அப்புறம் மேரி ஜெயசீலி, கோல்கீப்பர், பண்ருட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர், நாற்பது பெண் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக் கொடுத்திருக்கிறாள், அதில் ஏழு பேர் மாவட்ட அணி. அவளுக்கும் இரண்டு. ஐந்தாவது வரிசைப் பெண் கையைத் தூக்குகிறாள். கூடுதல் தாள். கொடுத்து, எண்ணைக் குறித்து, கையெழுத்துப் போட்டு வருகிறேன். அவள் என்ன எழுதுகிறாள் என்று பார்க்கவில்லை, பார்த்தாலும் புரியாது, வணிகவியல். யாரோ அதற்கும் எண் போடுவார்கள்.

உமாவிடம் பேசியபோது நான் அந்த நாலைப் பற்றிச் சொல்லிவிட்டேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் சிரித்தாள். “நாலு கரெக்டுதான் மிஸ். நான் ஓடுவேன், அவ்ளோதான். அஞ்சலாட்சி இருந்திருந்தா நான் மூணு வருஷமும் பெஞ்சுலதான் உக்காந்திருப்பேன்.” அப்புறம், “அவகிட்ட பேசிட்டீங்களா?” என்றாள். இன்னும் இல்லை என்றேன். “அவ நம்பர் எங்கிட்ட இருக்கு, அனுப்பறேன்” என்றாள். எல்லோரிடமும் இருக்கிறது அவள் நம்பர், என்னிடம் மட்டும்தான் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வந்த நம்பர் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நான் மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அஞ்சலாட்சி. பட்டியலில் ஏழு. தேர்வுத்தாளில் எட்டரை. மற்ற யாருக்கும் அரை போடவில்லை, அவளுக்கு மட்டும் எட்டு போட்டுவிட்டு மனசு கேட்காமல் அரை சேர்த்திருக்கிறேன். கடலூர் முதுநகர்ப் பக்கம் கடற்கரைக் குப்பத்துப் பெண், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருந்து வந்தாள், அங்கே வீடுகளுக்கு நடுவே விட்டிருந்த மணல் திடலில் பையன்களோடு ஆடியவள். மணலில் ஓடிப் பழகினவள் கட்டாந்தரையில் ஓடினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், பாரம் இறக்கின மாதிரி ஓடினாள். பூட்ஸ் இல்லை. கடன் வாங்கின பூட்ஸ் பெரிதாக இருந்ததென்று கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஆடினாள். பந்தைப் பார்க்கவே மாட்டாள், தலை நிமிர்ந்தே இருக்கும், பந்து அவள் காலில் இருப்பது அவளுக்கு ஞாபகமே இல்லாததுபோல. முதல் வருஷம் மண்டலப் போட்டியில் ஒன்பது கோல். ஹாஸ்டலில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் பாட்டு இவள்தான். ஊர்ப்பேச்சு மாறவே இல்லை, பேசினால் பிள்ளைகள் சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஏன் இதையெல்லாம் நினைக்கிறேன், எட்டரைக்கு ஆதாரம் தேடுகிறேனா, எட்டரை சரிதான், அதில் ஒன்றும் தப்பில்லை, தப்பு எட்டரையில் இல்லை.

2007 டிசம்பர், விழுப்புரத்தில் மண்டலப் போட்டியின் அரையிறுதி. முதல்நாள் காலிறுதியிலேயே அவள் வலது முட்டி வீங்கியிருந்தது. ராத்திரி நான் கையால் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது, அந்தச் சூடு இப்போதும் இந்த உள்ளங்கையில் இருக்கிறது. ஐஸ் வைத்தோம். காலையில் கேட்டேன், ஆடுவியா. ஆடுறேன் மிஸ். வலிக்குதா. கொஞ்சம். ஸ்ப்ரே அடித்துவிட்டேன், கிரேப் பேண்டேஜ் இறுக்கிக் கட்டினேன், இறக்கினேன். முதல் பாதி நன்றாகத்தான் ஆடினாள். இரண்டாம் பாதியில் யாரும் அவளை இடிக்கவில்லை, யாரும் பக்கத்திலேயே இல்லை, பந்தை எடுத்துக்கொண்டு சும்மா திரும்பினாள், கால் நின்ற இடத்தில் நின்றது, உடம்பு திரும்பியது. அவள் கத்தவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக இதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், கேட்டிருக்கக் கூடாது, ஆடுவியா என்று கேட்டால் எந்தப் பதினெட்டு வயசுப் பெண் மாட்டேன் என்பாள், நான் கேட்ட கேள்வியே பதில்தான். தசைநார் அறுந்துவிட்டது என்றார் டாக்டர், ஆபரேஷன் என்றார், வீட்டில் பயந்துபோய்க் கட்டு வைத்தியரிடம் கூட்டிப் போனார்கள். பொங்கல் விடுமுறை முடிந்தும் அவள் வரவில்லை.

“மேடம், கால் வலிக்கலியா, உக்காருங்க கொஞ்சம்.” ஹேமமாலினி, வணிகவியல், இந்த அறைக்கு என்னோடு இன்னொரு கண்காணிப்பாளர், எனக்கு எட்டு வயசு இளையவள். பரவாயில்லை, பழக்கம்தான் என்கிறேன். அவள் குரலைத் தாழ்த்தி, “உங்க லிஸ்ட் முடிஞ்சுதா? சராசரி வருதா?” என்கிறாள். எல்லா ஆசிரியர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. நாற்பத்தாறு என்கிறேன், பதினைந்து பேருக்கு நாற்பத்தாறு. அவள் வணிகவியல், விரலை மடக்கவில்லை, கண்ணை ஒருதரம் மேலே தூக்குகிறாள். “பதினாறாவது ஆளுக்கு ரெண்டு போட்டா நாப்பத்தெட்டு. கரெக்டா மூணு. போட்டுட வேண்டியதுதானே.” ரெண்டு போட முடியாது ஹேமா, அவள் படிப்பை முடிக்கவில்லை, விதிப்படி ஒன்று. “யாரு போய்ப் பாக்கப் போறாங்க மேடம். ஒரு மார்க்குக்காக இப்ப இருக்கிற பிள்ளைங்க வயித்துல அடிக்கணுமா?” என்று சொல்லிவிட்டுப் பின்வரிசைக்கு நடந்து போகிறாள். அவள் சொல்வது நியாயம்தான். இந்த வருஷ அணியில் பதினெட்டு பேர், ஆறு பேர் கடற்கரைப் பிள்ளைகள், அடுத்த ஜூனில் அவர்களுடைய தங்கைகள் வருவார்கள், ஒதுக்கீடு இல்லை என்றால் நேராக மீன் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போவார்கள். ரெண்டு. எழுதினால் ஒரு வினாடி. நேற்று சாயங்காலத்துக்கு முன்னால் என்றால் எழுதியிருப்பேன்.

நேற்று பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டுதான் கூப்பிட்டேன். வீட்டிலிருந்து கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை, பஸ் நிறுத்தம் என்றால் எப்போது வேண்டுமானாலும் பேச்சை முடிக்கலாம், இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்தாள். “யாரு?” நான் குணசுந்தரி, காலேஜ் பி.டி. மிஸ். “சொல்லுங்க மிஸ். நல்லாருக்கீங்களா?” பயம் இல்லாத குரல், பதினாறு பேரில் பயம் இல்லாத குரல் அது ஒன்றுதான். என்ன செய்கிறாய் என்றேன். முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். “முட்டி மடங்காது மிஸ், கீழ உக்கார முடியாது. அதனால மேச போட்டு நின்னுக்கிட்டே விக்கிறேன். மொதல்ல எல்லாம் சிரிச்சாங்க. இப்ப பதினோரு பேரு மேச போட்டுட்டாங்க, குனிய வேணாம்ல, இடுப்புவலி இல்ல.” ஒரு பையன், ஒரு பெண், புருஷன் லாஞ்ச்சில் மீன்பிடிக்கப் போகிறான். முட்டி என்ற சொல்லை அவளே சொல்லிவிட்டதால் எனக்கு வாய் வந்தது, அன்னிக்கு நான் உன்ன எறக்கியிருக்கக் கூடாது அஞ்சலாட்சி என்றேன். பதினெட்டு வருஷமாக ஒத்திகை பார்த்த வாக்கியம். அவள் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “அட விடுங்க மிஸ். நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா நான் அழுது அடம்புடிச்சு எறங்கியிருப்பேன். முட்டி போனதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க.” கண் கலங்கியது, நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். அப்புறம் அவள் அதே குரலில் சொன்னாள். “டி.சி. வாங்க வந்த அன்னிக்குத்தான் மிஸ் கஷ்டமா இருந்துச்சு. ரூமுக்கு வெளிய நின்னோம் நானும் அப்பாவும். உள்ள பந்துக்குக் காத்தடிக்கிற சத்தம் கேட்டுச்சு. தட்டலாமான்னு அப்பா கேட்டாரு. வேல பாக்குறாங்க, வேணாம்னு நான்தான் சொன்னேன். கால் போச்சுன்னா சீட்டும் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். உங்களப் பாத்தா ஒரு வார்த்த கேட்டுடலாம்னுதான் நின்னோம்.” நான் என்ன சொன்னேன். பஸ் வந்துடுச்சு அஞ்சலாட்சி, அப்புறம் பேசறேன். பஸ் வரவில்லை. அதற்குப் பிறகு இருபது நிமிஷம் கழித்துத்தான் வந்தது.

பதினொன்றரை மணி அடிக்கிறது. யாரும் தலை நிமிரவில்லை. அவள் டி.சி. வாங்க வந்த அந்தப் பிப்ரவரி மாதக் காலையை நான் நினைத்ததே இல்லை, அரையிறுதியை ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன், இதை ஒருதரம்கூட இல்லை, மனசு எவ்வளவு சாமர்த்தியமாக ஒரு வலியை முன்னால் நிறுத்தி இன்னொன்றை மறைத்து வைத்திருக்கிறது. அலுவலகத்திலிருந்து பியூன் வந்து சொன்னார், அஞ்சலாட்சியும் அவங்கப்பாவும் வந்திருக்காங்க, டி.சி. கேக்குறாங்க, நோ டியூஸ் படிவத்துல உங்க கையெழுத்து வேணும். படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்தனுப்பினேன். போட்ட கை இதுதான். பிறகு உபகரண அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பந்துகள் எதற்கும் காற்று தேவைப்படவில்லை, முந்தின நாள்தான் அடித்திருந்தது. ஒரு பந்தை எடுத்துக் காற்றை இறக்கினேன், பிறகு அடித்தேன், இறக்கினேன், அடித்தேன். கதவுக்கு அடியில் நிழல் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இரண்டு ஜோடி கால்களின் நிழல், ஒன்று சாய்ந்து நின்றது. எத்தனை நேரம் நின்றார்கள் என்று தெரியாது, நான் தலையைக் குனிந்து அடித்துக்கொண்டே இருந்தேன். அவளுடைய அப்பாவை நான் ஒரே முறை பார்த்திருக்கிறேன், சேர்க்கை அன்றைக்கு, உயரமான மனுஷர், கறுத்த கையில் கயிறு இழுத்த தழும்பு, எம்புள்ளய ஒங்கள நம்பித்தான் உட்டுட்டுப் போறேன் என்றார். அந்த மனுஷர் முன்னால் நின்று, வீங்கின காலோடு ஏன் இறக்கினீங்க என்று அவர் கேட்டால் என்ன சொல்வது. அதுதான் பயம். அது ஒன்றுதான்.

சரி, வெளியே வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், ஆட முடியாத பெண்ணுக்கு ஆட்டக்காரி இடம் எப்படித் தருவார்கள், காயம்பட்டாலும் மூன்று வருஷம் இடம் உண்டு, டாக்டர் சான்றிதழ் போதும் என்ற விதி பிறகுதானே வந்தது, 2010-இல் கணுக்கால் உடைந்த பிள்ளைக்கு நான்தானே அந்த விதியைக் காட்டி இடத்தைக் காப்பாற்றினேன். ஆமாம், 2010. அந்த விதி இருந்த பல்கலைக்கழகச் சுற்றறிக்கையை எங்கிருந்து எடுத்தேன். என் மேசையின் இரண்டாவது இழுப்பறையிலிருந்து. அது அங்கே எப்போது வந்தது. வரிசைகளுக்கு நடுவில் நடக்கிறேன், ஒரு பெண் கீழே விழுந்த ஸ்கேலை எடுத்துத் தரச் சொல்லிக் கண்ணால் கேட்கிறாள், எடுத்துத் தருகிறேன். சுற்றறிக்கையின் தேதி 2004. நான் வேலைக்குச் சேர்ந்ததற்கு முந்தின வருஷம். சேர்ந்த முதல் வாரத்தில் என்னிடம் ஒரு கோப்பைக் கொடுத்தார்கள், புது வேலை, ஆர்வம், ஒரு வரி விடாமல் படித்தேன், சில வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடும் போட்டேன். இந்த வரிக்கும் போட்டேன். 2010-இல் அதைத் தேடாமலே எடுக்க முடிந்தது அந்தப் பென்சில் கோட்டால்தான். அப்படியானால் தெரியும். கதவுக்கு உள்ளே காற்றடித்துக்கொண்டிருந்தபோதே எனக்குத் தெரியும். வெளியே நின்றவர்களுக்குத்தான் தெரியாது. இவ்வளவு நேரம் சுற்றி வந்தது இந்த இடத்துக்குத்தானா, சன்ஷேடில் சொட்டுவது நின்றுபோனதை இப்போதுதான் கவனிக்கிறேன். மேசைக்குப் போய்ப் பட்டியலைப் பிரிக்கிறேன். ரெண்டு என்று எழுதலாம். அந்தப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பாதி உண்மை. மீதிப் பாதி, ரெண்டு என்று எழுதிவிட்டால் அஞ்சலாட்சி பட்டம் வாங்கியவள் ஆகிவிடுவாள், வாங்காமல் போன கதையே இருக்காது, கதவு இருக்காது, நான் இருக்க மாட்டேன். ஒன்று என்று எழுதுகிறேன். பிறகு அந்தக் கட்டைவிரல் அகலக் கட்டத்தில், எழுத்தைப் பொடியாக்கி, இடம் போதாமல் தாளின் ஓரத்தில் மேலே திருப்பி எழுதுகிறேன்.

ஒரு மணிக்கு விடைத்தாள்களை வாங்கி, எண்ணி, கட்டி, ஹேமமாலினி ஒருதரம் எண்ணி, கட்டுப்பாட்டு அறையில் கொடுத்து, போனை வாங்கிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். கோதைநாயகி மேடம் டிபன் டப்பாவை மூடி ஒதுக்கி வைத்துவிட்டுப் பட்டியலை வாங்கினார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார், ஏழாவதில் நின்றார், தாளைத் திருப்பிப் படித்தார். ‘காயத்தால் இடம் பறிபோகாது என்ற விதி மாணவிக்குத் தெரியாது. உடற்கல்வி இயக்குநருக்குத் தெரியும். மாணவி டி.சி. வாங்க வந்தபோது இயக்குநர் அறைக்குள் இருந்தும் வெளியே வந்து சொல்லவில்லை. எனவே படிப்பு நின்றது.’

“என்னங்க இது,” என்றார். “உங்க மேலயே நீங்க புகார் எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க.”

“நடந்தது அதுதான் மேடம்.”

“செயலர் படிப்பார். விளக்கம் கேட்டு மெமோ வரும். பதினெட்டு வருஷத்துக்கு முந்தினதுன்னு விட மாட்டார் அவர்.”

“வரட்டும் மேடம்.”

கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். “ரெண்டு புள்ளி தொண்ணூத்து நாலு. தெரிஞ்சுதான் எழுதினீங்களா?”

தெரிந்துதான் என்றேன். என் குரல் எனக்கே அமைதியாகக் கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி அந்த ஓர எழுத்தைப் படித்தார். “இந்தப் பொண்ணு நம்ம தப்பால போயிருக்கா. அப்ப இது ஆட்டக்காரிக்கான மார்க் இல்லையே. நம்ம மார்க். இத எப்படி அவ கணக்குல சேக்கறது?” பென்சிலால் ஏழாவது எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “பதினஞ்சு பேருக்கு நாப்பத்தாறு. மூணு புள்ளி பூஜ்யம் ஏழு. நான் இப்படித்தான் எழுதி அனுப்புவேன். ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் அவர் பாடு.”

“அவ பேர எடுத்துடாதீங்க மேடம்.”

“பேர் இருக்கும். எண்ணிக்கையில இருக்காது.” பென்சிலைக் கீழே வைத்து, “அந்த விதிய இனிமே ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்துலயும் தமிழ்ல அச்சடிச்சுக் குடுக்கச் சொல்றேன். அது என் கையில இருக்கு” என்றார். எழுந்தேன். வாசலுக்கு வந்தபிறகுதான் அவர் சொன்னது உறைத்தது, பேர் இருக்கும், எண்ணிக்கையில் இருக்காது. அவளைப் பதினெட்டு வருஷமாக நான் வைத்திருந்ததும் அப்படித்தான். இதற்கு மேல் நல்லது எதையும் அந்தத் தாளில் செய்துவிட முடியாது. தாளில் செய்யக்கூடியது தீர்ந்துவிட்டது.

மைதானத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கொக்கு. சைக்கிள் ஷெட்டில் நின்று போன் செய்தேன், பஸ் நிறுத்தம் வேண்டாம் என்று. எடுத்தாள். பின்னால் மார்க்கெட் இரைச்சல், யாரோ விலை கேட்கிறார்கள், கத்தி பலகையில் இறங்குகிறது.

“அஞ்சலாட்சி, நேத்து பஸ் வரல. நானாதான் வச்சேன்.”

“தெரியும் மிஸ். வண்டிச் சத்தமே கேக்கலியே.”

“அன்னிக்கு நான் உள்ளதான் இருந்தேன். நீங்க நிக்கிறது தெரிஞ்சுதான் இருந்தேன். காயம் பட்டாலும் சீட்டு போகாதுன்னும் எனக்குத் தெரியும்.”

கத்திச் சத்தம் நின்றது. “சீட்டு போகாதா?” என்றாள். இல்லை என்றேன். “மூணு வருசமும் இருந்திருக்கலாமா?” இருந்திருக்கலாம் என்றேன். யாரோ சங்கரா மீன் எவ்வளவு என்று கேட்டார்கள், “இருங்கக்கா, பேசிக்கிட்டிருக்கேன்ல” என்றாள். நான் போனை வைக்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் அவள் வைக்கட்டும் என்று நின்றேன்.

“ஏன் மிஸ் வெளிய வரல?”

“உங்கப்பாவுக்குப் பயந்துதான். முட்டிய வச்சுக் கேட்டார்னா என்ன சொல்றதுன்னு.”

“அப்பாவுக்கா?” அவள் சிரிக்கவில்லை. “அவரு ஒங்களுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டாந்தாரு மிஸ். அம்மா பொறுக்கிப் பொறுக்கிக் காயவச்சது. அதக் குடுக்கத்தான் தட்டவான்னு கேட்டாரு. திரும்ப எடுத்துட்டுப் போனா அம்மா வருத்தப்படும்னு பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட குடுத்துட்டாரு.”

ஷெட்டின் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க வேறொருத்தியின் குரல்போல ஒரு குரல் வந்தது. வீட்டில்தான் இருக்கிறார், கடலுக்குப் போவதில்லை, வலை பின்னுகிறார் என்றாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, நான் வந்து பார்க்கலாமா என்றேன். உடனே சரி என்று சொல்லவில்லை. யோசித்தாள், நான் அதற்கும் காத்திருந்தேன்.

“வாங்க,” என்றாள். “மார்க்கெட் மூணு மணிக்கு முடிஞ்சிடும், அதுக்கப்புறம் வாங்க. ஆனா அவர்கிட்ட முட்டியப் பத்தி எதுவும் பேசிடாதீங்க மிஸ். ஹாஸ்டல் படியில வழுக்கி விழுந்தேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். பந்து ஆடித்தான் போச்சுன்னு தெரிஞ்சா மறுபடி ஆட விட மாட்டாருன்னு அப்ப சொன்னது. இன்னிவரைக்கும் அவருக்குத் தெரியாது.”

சொல்ல மாட்டேன் என்றேன்.